பிரசங்கத்தைக் கேட்காதவர்கள்

17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் வரைந்த தேவாலய உட்புறங்களைப் பற்றி யார் பேசினாலும் கடைசியில் அமைதியில்தான் போய் நிற்கிறார்கள். அருங்காட்சியகத்தில் காதில் மாட்டிவிடும் ஆடியோ கைடு, சுவரில் ஒட்டிய குறிப்பு, யூடியூப் விளக்கங்கள் என்று எல்லாவற்றிலும் ஒரே பாட்டு: வெள்ளைச் சுவர், சாய்ந்து விழும் வெயில், ஆழ்ந்த நிசப்தம், தியானம். எனக்கு இது ஒட்டவே இல்லை. ஓவியத்தின் மேல்பாதியை மட்டும் பார்த்துவிட்டுப் பேசுகிறார்களோ என்று தோன்றும். மேலே வளைகூரையும் தூண்களும் சன்னல்களும் இருக்கின்றன, சரி. கீழே ஆட்கள் இருக்கிறார்களே? கூடி நிற்கிறார்கள், பேசிக்கொள்கிறார்கள், முதுகைத் திருப்பிக்கொண்டு போகிறார்கள். பிள்ளைகள் சுவரில் கிறுக்குகிறார்கள். நாய் இல்லாத படத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் எமானுவேல் டி விட்டே வரைந்த டெல்ஃப்ட் பழைய தேவாலயம் ஒன்று இருக்கிறது, 1650 வாக்கில் வரைந்தது. நேரில் பார்த்ததில்லை. ஆனால் அவர்களுடைய இணையதளத்தில் வேண்டிய மட்டும் பெரிதாக்கிப் பார்க்கலாம். தூணுக்குத் தூண் தாவும் வெளிச்சம் நிஜமாகவே அபாரம். அப்படியே கண்ணைக் கீழே இறக்கினால், ஒரு நாய் காலைத் தூக்கிக்கொண்டு தூணில் ஒன்றுக்குப் போகிறது. முன்னால் தரைக்கல்லைப் பெயர்த்துப் புதிதாகத் தோண்டிய சவக்குழி. இதைப் பார்த்துவிட்டு நிசப்தம், தியானம் என்று எழுத ஒரு தனித் துணிச்சல் வேண்டும்.

இதைப் பற்றி நான் அதிகம் சண்டை போட்டது என் தோழியிடம்தான். நாங்கள் இருவரும் ஆம்ஸ்டர்டாமுக்குப் பக்கத்தில் வேலை பார்க்கிறோம். அவள் பாளையங்கோட்டைக்காரி, தாத்தா சி.எஸ்.ஐ. சபையில் போதகராக இருந்தவர். சர்ச்சுக்குள்ளேயே வளர்ந்தவள். அருங்காட்சியக அட்டை இருவரிடமும் உண்டு என்பதால் மழைக்கு ஒதுங்குவதுகூட ரைக்ஸ் மியூசியத்தில்தான். "பிரசங்க நேரத்துல சர்ச் அமைதியா இருக்கும்னு எழுதினவன் கடைசி பெஞ்சில உட்கார்ந்ததே இல்ல" என்பாள். நாய், குழந்தை விஷயத்தில் என் கட்சி. ஆனால் அதே காலத்தில் தேவாலயங்களை வரைந்த இன்னொரு ஓவியரான பீட்டர் சான்ரெடம் என்று வந்துவிட்டால் எதிர்க்கட்சி. "டி விட்டேக்குத்தான் ஆள் வேணும். சான்ரெடம் படத்துல ஆளே தேவையில்ல, எடுத்துட்டா இன்னும் நல்லா இருக்கும்." அது எனக்குள் முள்ளாகக் கிடந்தது. அவள் சொன்னதை மறுக்கவும் முடியவில்லை, ஒப்புக்கொள்ளவும் மனம் வரவில்லை.

தெருவின் நீட்சி

அந்தக் காலத்து டச்சு தேவாலயம் ஞாயிற்றுக்கிழமை மட்டும் திறக்கிற இடமல்ல. வார நாளிலும் கதவு திறந்திருக்கும். மழை பெய்தால் உள்ளே வந்து உலாத்துவார்கள், யாரையாவது சந்திக்க வேண்டுமென்றால் அங்கே வரச் சொல்வார்கள். கூடவே நாய்களும் வந்துவிடும். அவற்றை அடித்து விரட்டுவதற்கென்றே சம்பளத்துக்கு ஆள் வைத்திருந்த தேவாலயங்கள் உண்டு. விரட்ட ஒரு ஆளைப் போடும் அளவுக்குத் தொல்லை இருந்திருக்கிறது என்றால் டி விட்டேயின் நாய் கற்பனை இல்லை. கால்வினைப் பின்பற்றிய புராட்டஸ்டண்ட் சபை வழிபாட்டில் ஆர்கன் வாசிப்பதைச் சந்தேகத்தோடுதான் பார்த்தது. ஆனால் ஆர்கன் ஊருக்குச் சொந்தம். ஆம்ஸ்டர்டாம் பழைய தேவாலயத்தில் புகழ்பெற்ற ஆர்கன் கலைஞர் ஸ்வேலின்க் நகராட்சியின் சம்பளத்தில்தான் வாசித்தார். ஆராதனைக்கு அல்ல, மற்ற நேரத்தில் வந்து போகிறவர்கள் கேட்பதற்கு. 1621-ல் இறந்ததும் அதே தேவாலயத்தின் தரைக்கடியில் புதைத்தார்கள்.

தரைதான் இதில் முக்கியம். இந்தத் தேவாலயங்களின் தரை முழுக்கக் கல்லறை. ஆம்ஸ்டர்டாம் பழைய தேவாலயத்தில் மட்டும் ஏறக்குறைய 2,500 கல்லறைகள் இருக்கின்றன. ரெம்பிராண்டின் மனைவி சாஸ்கியாவும் அங்கேதான், 1642-லிருந்து. கொழும்பில் டச்சுக்காரர்கள் 1757-ல் கட்டி முடித்த வுல்ஃபெண்டால் தேவாலயத்துக்குள் நடந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. பெயரும் குலச்சின்னமும் செதுக்கிய கல்லறைக் கற்களை அங்கேயும் பார்க்கலாம். ஹாலந்தில் இந்த வழக்கம் 19ஆம் நூற்றாண்டில் சட்டம் போட்டு நிறுத்தும்வரை நடந்தது. ஆகவே ஒரு நாள் குழி வெட்டுவார்கள், மறுநாள் கல்லை மூடுவார்கள், அடுத்த வாரம் வேறு இடத்தில் பெயர்ப்பார்கள். ஓவியத்தில் மண்வெட்டியோடு நிற்கும் ஆளைப் பார்த்ததும் 'வாழ்வின் நிலையாமை' என்று ஆரம்பிக்கிறார்கள். அந்த ஆள் அன்றைய வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றும் ஒருமுறை சொல்லலாம்.

காதுக்கான வீடு

இன்னொரு சங்கதியும் இருக்கிறது. எல்லோருக்கும் தெரிந்ததுதான் என்றாலும் எனக்குத் தேவைப்படுகிறது. 1566-ல் புராட்டஸ்டண்டுகள் கத்தோலிக்கத் தேவாலயங்களில் கூட்டம் கூட்டமாகப் புகுந்து சுரூபங்களை உடைத்தார்கள், ஓவியங்களைக் கிழித்தார்கள். ஹார்லெமின் பெரிய தேவாலயமான சிந்த் பாவோவில் 1578-ல் அந்த வேலை நடந்தது. பிறகு சுவர்களுக்கு வெள்ளையடித்தார்கள். பலிபீடம் போயிற்று. நடுவில் பிரசங்க மேடையும், போதகரின் குரல் மேலே போய்த் தொலையாமல் கீழே திரும்புவதற்காக அதன் தலைக்கு மேல் ஒரு மரப் பலகையும் வந்தன. கட்டடம் முழுவதும் காதுக்காக மாறிவிட்டது. வார்த்தை கேட்டால் போதும், பார்ப்பதற்கு ஒன்றும் வேண்டாம் என்ற இடம். அந்த இடத்தைத்தான் இரண்டு தலைமுறை கழித்து ஒரு கூட்டம் ஓவியர்கள் விழுந்து விழுந்து வரைந்தார்கள். தேவாலயத்திலிருந்து படத்தை வெளியே எறிந்தார்கள், பிறகு அந்தத் தேவாலயத்தையே படமாக்கி வீட்டுக் கூடத்தில் மாட்டிக்கொண்டார்கள்.

ஆனால் பிரசங்கத்தை எப்படி வரைவது? வாய் திறந்திருக்கும் போதகரை வரையலாம், என்ன சொல்கிறார் என்று வரைய முடியாது. டி விட்டே இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். நம்மைப் பின்னால் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறார். அவருடைய பிரசங்க ஓவியங்களில் போதகர் எங்கோ தூரத்தில், சிறியதாக. நமக்கும் அவருக்கும் நடுவே தொப்பிகளும் மேலங்கிகளும் முதுகுகளும். இடம் கிடைக்காமல் நிற்பவர்கள், தாமதமாக வந்தவர்கள், வந்தும் கவனிக்காதவர்கள். நாம் அவர்களில் ஒருவர். கேட்காததால்தான் சுற்றிலும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இந்த இடத்தில் எனக்கு டி விட்டேயைக் கட்டிக்கொள்ளலாம் போல இருக்கும். அவர் ஆட்களைக் கட்டடத்தின் உயரம் தெரிவதற்காக வைக்கவில்லை, நம்மைச் சேர்த்துக்கொள்வதற்காக வைத்திருக்கிறார்.

சான்ரெடம் அப்படிப்பட்ட ஆள் இல்லை. 1597-ல் பிறந்து 1665-ல் இறந்தவர், வாழ்ந்தது பெரும்பாலும் ஹார்லெமில். அளவுகோல் பைத்தியம். முதலில் தேவாலயத்தில் உட்கார்ந்து பேனாவால் வரைவார், தேதி போடுவார். பிறகு அதைக் கணக்குப் போட்டு, கண்மட்டப் புள்ளியைக் குறித்து, கோடு கோடாக இழுத்து ஒரு கட்டுமான வரைபடம் தயாரிப்பார். அதை அப்படியே மரப்பலகைக்கு மாற்றி வண்ணம் தீட்டுவார். ஒவ்வொரு படிக்கும் நடுவே வருடங்கள் ஓடிவிடும். 1636-ல் உட்ரெக்டுக்குப் போய் மாதக்கணக்கில் தங்கி அந்த ஊர்த் தேவாலயங்களை வரைந்து குவித்தார். அதில் பூர்கெர்க் தேவாலயத்தை ஓவியமாக்கியது 1644-ல். லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கும் அந்த ஓவியத்தில் ஒரு பையன் சுவரில் கிறுக்குகிறான், இன்னொருவன் நாயைப் பின்னங்காலில் உட்கார வைக்கப் பழக்குகிறான். சுவரில் இருப்பது ஒரே குதிரையில் நான்கு சகோதரர்கள் ஏறிப்போகும் பழைய கதைக் காட்சி. அந்தக் கிறுக்கலுக்கு அடியில் ஓவியரின் கையெழுத்து. தன் பெயரைப் பொடியன் கிறுக்கலோடு சேர்த்துப் போட்டுக்கொண்டார்! அளவுகோல் ஆளுக்குள் இப்படி ஒரு குறும்பு இருக்கிறது என்று காட்டத்தான் அந்தப் படத்தைத் தோழியிடம் கொண்டுபோனேன். "பசங்கள எடுத்துட்டாலும் சுவர் அழகுதான்" என்றாள். விவாதம் அங்கேயே நின்றது.

அசென்டெல்ஃப்ட்

அது நகர்ந்தது ரைக்ஸ் மியூசியத்தில், சான்ரெடமின் அசென்டெல்ஃப்ட் தேவாலயத்தின் முன்னால். சிறிய படம்தான், அரை மீட்டர் உயரம், முக்கால் மீட்டர் அகலம். அடுத்த கூடத்தில் ரெம்பிராண்டுக்கு நெரியும் கூட்டத்தில் கால்வாசிகூட இதன் பக்கம் வருவதில்லை. அசென்டெல்ஃப்ட் ஹார்லெமுக்கு வடக்கே ஒரு கிராமம், சான்ரெடம் பிறந்த ஊர். ஓவியத்துக்குள்ளேயே எழுதி வைத்திருக்கிறார்: இது ஹாலந்தில் உள்ள அசென்டெல்ஃப்ட் என்ற கிராமத்தின் தேவாலயம், 1649 அக்டோபர் 2 என்று. பத்திரப் பதிவு போல. முதல் வரைபடம் 1634, கட்டுமான வரைபடம் 1643, ஓவியம் 1649. உள்ளூர்த் தேவாலயத்தை முடிக்கப் பதினைந்து வருடம்.

ஆராதனை நடந்துகொண்டிருக்கிறது. கூட்டம் தூரத்தில், வழிபாட்டுக் கூடத்தில், பிரசங்க மேடையைச் சுற்றி. கறுப்பு உடை, வெள்ளைத் துணி, இவ்வளவு இவ்வளவு தலைகள். ஆனால் நாம் அவர்களோடு இல்லை. சான்ரெடம் கிழக்குப் பக்கத்துப் பீடப் பகுதியில் நின்று மேற்கே பார்த்து வரைந்திருக்கிறார். யோசித்தால் இது விசித்திரம். முன்பு பலிபீடம் இருந்த பக்கம், தேவாலயத்திலேயே புனிதமான பக்கம். சீர்திருத்தம் வந்ததும் மேடை கூடத்துக்குப் போய்விட, இந்தப் பக்கம் வேலையற்றுப் போனது. சபை கூடுவது அங்கே, ஓவியர் நிற்பது இங்கே. நடுவில் அகலமான, ஒருவரும் இல்லாத கல்தரை. வலப்பக்கம் அசென்டெல்ஃப்ட் பிரபுக்களின் கல்லறை மாடம்.

"பாத்தியா, இங்க ஆளே வேண்டாம். அங்க இருக்கிறதெல்லாம் எறும்பு" என்றாள். நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் குனிந்துவிட்டாள். "அந்தக் கல்லுல என்ன எழுதியிருக்கு?"

முன்னால், தரையில், ஒரு கல்லறைக் கல். மற்ற கற்களைப் போல அதுவும் கிடைமட்டமாகத்தான் கிடக்கிறது, அளவெல்லாம் கச்சிதமாகப் பின்னோக்கிக் குறுகுகிறது. ஆனால் அதில் எழுத்து தெரிகிறது. ஓவியரின் அப்பாவின் பெயர். ஜான் சான்ரெடம், செப்புத்தகட்டில் செதுக்கி அச்சடிக்கும் கலையில் பெரிய கை, ஹென்ட்ரிக் கோல்ட்சியுஸ் என்ற ஓவியர் வரைந்தவற்றை அச்சுக்குக் கொண்டுவந்தவர். 1607-ல் இறந்தபோது மகனுக்கு ஏறக்குறைய பத்து வயது. அடுத்த வருடம் அம்மாவோடு ஹார்லெமுக்குப் போய்விட்டான். 1634-ல் திரும்பி வந்து தேவாலயத்தில் உட்கார்ந்து வரைந்தவருக்கு வயது 37.

தகவலாக இது எந்தப் புத்தகத்திலும் கிடைக்கும். என்னைப் பிடித்து நிறுத்தியது தகவல் அல்ல, தூரம். படத்தில் எல்லாருமே பிரசங்கத்தின் பக்கம் இருக்கிறார்கள், அப்பா இந்தப் பக்கம் இருக்கிறார். சபையார் முழுக்க ஒரு குரலைச் சுற்றிக் கூடியிருக்கும் நேரத்தில், மகன் கூட்டத்தில் சேராமல் காலியான பீடப் பகுதிக்கு வந்து அப்பாவின் காலடியில் நிற்கிறார். இங்கிருந்து போதகரின் குரல் எந்த அளவுக்குக் கேட்டிருக்கும்? பாதிதான். இத்தனை பேரை அங்கே கூட்டி வைத்ததால்தான் இங்கே ஒருவரும் இல்லை என்பது தெரிகிறது. ஆட்களே இல்லாத தேவாலயமாக இருந்திருந்தால் இந்தக் கல் தரையோடு தரையாகப் போயிருக்கும். எறும்புகள் அந்தப் பக்கம் வேலை செய்கின்றன, என் வாதத்துக்கும் சேர்த்து. தோழி அதை ஒத்துக்கொண்டாள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சண்டை போடாமல் கொஞ்ச நேரம் நின்றாள், அவளுக்கு அது பெரிய விஷயம்.

இந்த அப்பாவும் ஒரு கூட்டத்தை வரைந்திருக்கிறார். 1601 டிசம்பரில் பெவர்வைக் கடற்கரையில் ஒரு திமிங்கிலம் ஒதுங்கியது. அதைப் பார்க்க ஊரே திரண்டதை ஜான் அச்சுப்படமாகப் போட்டார். அந்த நாளில் வெகுவாக விற்ற ரகம். பிரமாண்டமான செத்த உடல், அதன் மேல் ஏறி அளக்கிற ஆட்கள், நாற்றம் தாங்காமல் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டிருக்கும் பிரபு. அந்தக் கூட்டத்தின் ஓரத்தில், ஓவியப் பலகையோடு, ஜான் தன்னையே வரைந்து வைத்திருக்கிறார். நான் அங்கே இருந்தேன் என்பதற்குச் சாட்சி. மகன் தன் படத்தில் தன்னை வைக்கவில்லை, அப்பாவைத்தான் வைத்தார், அதுவும் தரைக்கடியில். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. ஏதாவது ஒரு கண்காட்சியில் யாராவது செய்ய மாட்டார்களா? இரண்டிலும் ஏதோ ஒரு பெரிய உடலைச் சுற்றிச் சின்னச் சின்ன மனிதர்கள்.

இங்கே ஓவிய வரலாற்றுக்காரர்கள் ஒரு விஷயத்தை நினைவுபடுத்துவார்கள். சான்ரெடம் ஓவியங்கள் சிலவற்றில் ஆட்களை வரைந்தது அவரே அல்ல, வேறு கைகள். கட்டடத்தை முடித்து, உருவங்களை இன்னொரு ஓவியரிடம் விடுவது அப்போது சகஜம். தோழிக்கு இது தெரிந்தபோது ஒரு நாள் முழுக்கக் கொண்டாடினாள். "அவருக்கே ஆள் வேண்டாம், வேற யாரோ போட்டிருக்கான்." எல்லாப் படத்துக்கும் அது பொருந்தாது. பொருந்தினாலும் எனக்கு அது பெரிய தோல்வியாகத் தெரியவில்லை. காலியான தரையை எங்கே விடுவது என்பதை வரைபடத்தில் கோடு போட்டபோதே அவர் தீர்மானித்துவிட்டார்.

அளக்காதவர்

டி விட்டேயிடம் திரும்பாமல் இதை முடிக்க முடியாது. சான்ரெடம் ஒரு தேவாலயத்தைத் தேதியோடு பதிவு செய்கிறார் என்றால், டி விட்டே இரண்டு தேவாலயங்களைக் கலந்து மூன்றாவதை உண்டாக்குகிறார். ஆம்ஸ்டர்டாமின் பழைய தேவாலயத்துத் தூண், புதிய தேவாலயத்துச் சன்னல், எங்கிருந்தும் வராத வெயில். ரைக்ஸ் மியூசியத்தில் அப்படி ஒன்றுக்கு, இரண்டு தேவாலயங்களின் கூறுகளும் சேர்ந்தது என்று தலைப்பிலேயே சொல்லிவிடுகிறார்கள். ஆனால் அவர் ஆட்கள் நிஜம். காலை மாற்றி ஊன்றி நிற்பது, தொப்பியைச் சரிசெய்வது, பேச்சு சுவாரசியத்தில் குழியைக் கவனிக்காமல் நிற்பது எல்லாம் கண்ணால் பார்க்காமல் வராது. கட்டடத்தை அளந்தவர் கட்டடத்துக்கு உண்மையாக இருந்தார், கூட்டத்தில் நின்றவர் கூட்டத்துக்கு.

அவர் வாழ்க்கை கஷ்டமானது. இரண்டாவது மனைவியும் மகளும் திருட்டு வழக்கில் மாட்டினார்கள். 1660-ல் ஒரு நோட்டரியிடம் சாப்பாடு, தங்குமிடம், வருடத்துக்கு 800 கில்டர் (அன்றைய டச்சு நாணயம்) என்று பேசி, வரைவதையெல்லாம் அவருக்கே எழுதிக்கொடுத்தார். அதுவும் தகராறில் முடிந்தது. 1690களின் தொடக்கத்தில் ஒரு குளிர்காலத்தில் இறந்தார். பாலத்தில் தூக்கு மாட்டிக்கொண்டார், கயிறு அறுந்து கால்வாயில் விழுந்தார், பனி உறைந்ததால் உடல் பதினொரு வாரம் கழித்துத்தான் கிடைத்தது என்று டச்சு ஓவியர்களின் வாழ்க்கையைத் தொகுத்த ஆர்னோல்ட் ஹௌப்ராகன் எழுதிவைத்தார். ஹௌப்ராகனுக்குக் கதை சொல்வதில் மோகம் அதிகம், கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் படிக்க வேண்டும்.

அதே டி விட்டே 1680-ல் ஆம்ஸ்டர்டாமின் போர்ச்சுகீசிய யூதர்களின் ஜெப ஆலயத்தையும் வரைந்தார். திறந்து ஐந்து வருடம்தான் ஆகியிருந்தது. வெளிநாட்டுக்காரர்கள் ஆர்வமாக வந்து பார்த்த கட்டடம் அது, உள்ளே வழிபாடு நடக்க, முன்னால் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் நிற்கிறார்கள், நாயும் கூட. அந்தக் கட்டடம் இன்றும் இருக்கிறது, டிக்கெட் வாங்கிப் போகலாம். ஓவியத்தை ரைக்ஸ் மியூசியத்தில் பார்த்துவிட்டு டிராம் பிடித்து நேராக அங்கே போவதாக இருக்கிறோம். யூத ஆலயத்துக்குள் நாயை விட்டிருப்பார்களா என்பதில் தோழிக்கு இப்போதே சந்தேகம். விட்டிருக்க மாட்டார்கள், டி விட்டேதான் கூட்டிக்கொண்டு வந்திருப்பார் என்பது என் கட்சி.